மஞ்சள் புகை

ராமநாதபுரம் மாவட்டத்தில் கரிமூட்டம் போடுகிறவர்கள் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவார்கள். வெள்ளையாக வந்தால் கட்டையின் ஈரம் போகிறது. மஞ்சளோடிக் கெட்டியாக வந்தால் கட்டை கரியாகிக்கொண்டிருக்கிறது. மெலிந்து நீலம் தட்டினால் வேலை முடிந்தது. காற்றுத் துளைகளை மண் வைத்து அடைத்துவிடுவார்கள்.

நடுவில் வருகிற அந்த மஞ்சள் புகைதான் என் கவலை. சீமைக் கருவேலக் கட்டையை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, ஈரமண் பூசிப் பல நாள் கனலவிட்டால், விறகின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கரியாகத் தேறுவதே பெரிது. தண்ணீர் போக மீதியில், எரியக்கூடிய வாயுவும், குளிர்வித்தால் எண்ணெயாகக்கூடிய ஆவியும் வானத்துக்குப் போகின்றன. போகும் வழியில் மூட்டத்தைக் காவல் காக்கிறவர்களின் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிட்டுத்தான் போகின்றன.

காற்றுப் புகாத கலத்தில் மைக்ரோவேவால் மரத்தைச் சிதைக்கும் ஆய்வுகளை நான் ஆவலோடு பின்தொடர்வது இதனால்தான். பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகமும் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகமும் இதில் ஆண்டுக்கணக்காக உழைத்திருக்கின்றன. சென்னை ஐஐடியிலும் இந்த ஆய்வு நடக்கிறது. பொதுவாக 400 முதல் 600 டிகிரி செல்சியஸில் மரம் கரி, எண்ணெய், வாயு என்று பிரிகிறது. மூன்றும் வானத்துக்குத் தப்பாமல் அகப்படுகின்றன.

சாதாரண உலையில் சூடு வெளியிலிருந்து உள்ளே ஊர வேண்டும். மரமோ சூட்டை எளிதில் கடத்தாது. எண்ணெய் நிறைய வேண்டுமென்றால் கட்டையைச் சில மில்லிமீட்டர் தூளாக அரைத்தாக வேண்டும். கருவேலந்தூரை அரைப்பதென்றால் அதற்கே எவ்வளவு மின்சாரம்! மைக்ரோவேவ் கட்டைக்குள் இருக்கும் ஈரத்தையே பிடித்துச் சூடேற்றுவதால் பெரிய துண்டாகவே போடலாம். ஆனால் ஈரம் வற்றியதும் சிக்கல் வருகிறது. உலர்ந்த மரம் அந்த அலைகளை அதிகம் உறிஞ்சாது. கரி உறிஞ்சும். ஆகவே போன தடவை எடுத்த கரியில் கொஞ்சத்தைக் கலந்துவிடுகிறார்கள், நேற்றைய தயிரை இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதுபோல. கலந்த கரி சூடேறி, சுற்றியிருக்கும் மரத்தையும் சிதைக்கிறது. இவ்வளவு எளிய தீர்வு ஒன்று கையிலேயே இருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

இந்த எண்ணெயை பெட்ரோலுக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அமிலத்தன்மையால் இரும்பை அரிக்கும், நாள்பட்டால் கெட்டிப்படும். எடைக்கு எடை டீசலில் பாதி வெப்பம்கூடத் தராது. கொதிகலனில் எரிக்கலாம். வண்டிக்கு ஊற்ற வேண்டுமானால் ஹைட்ரஜன் சேர்த்துச் சுத்திகரிக்க வேண்டும். அது தனிச் செலவு.

மின்சாரக் கணக்கு இன்னும் கறாரானது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதை மைக்ரோவேவாக மாற்றும்போது இன்னொரு பகுதி வீணாகிறது. நிலக்கரியை எரித்து விறகிலிருந்து எண்ணெய் எடுப்பதில் அர்த்தமே இல்லை. ஆனால் இதே மாவட்டத்தில், கமுதியில், 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டில் வெயில் மின்சாரத்தை வாங்க மறுத்து உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது பற்றிய வழக்கு மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. அப்படி வேண்டாமென்று ஒதுக்கப்படும் பகல்நேர மின்சாரத்தை இதற்குத் திருப்பலாம். மைக்ரோவேவை வெயில் ஏறும்போது போட்டு, சாயும்போது அணைக்கலாம். மூட்டத்தை அப்படி நிறுத்த முடியாது. வெட்டிய கட்டையின் ஈரத்தைப் போக்கவும் மின்சாரம் வேண்டாம், பெரும்பகுதியை ராமநாதபுரத்து வெயிலே பார்த்துக்கொள்ளும்.

இந்த மைக்ரோவேவ் முறைக்கான சோதனை உலையை ஏதோ ஒரு தொழிற்பேட்டையில் நிறுவாமல் முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் நிறுவ வேண்டும் என்பது என் கோரிக்கை. அதை இயக்க மூட்டம் போடுகிறவர்களையே பழக்கி, கூட்டுறவுச் சங்கம் அமைத்து, எண்ணெய் விற்ற பணத்தில் பங்கும் தர வேண்டும். கிளையை வெட்டித் தூரை விட்டுவைத்தால், ஒழிக்க வேண்டிய சீமைக் கருவேலம் மறுபடி தழைக்கும் என்பதால், தூரோடு பறித்த கட்டைக்கே கூடுதல் விலை வைக்க வேண்டும்.