கல்யாணமான மகள் யார் கணக்கில்?

கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் இதோடு "கல்யாணமான மகளுக்கு வரிக்கணக்கு எழுதிப் பார்" என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம்!

ஒரு உதாரணம். மகளுக்கு 22 வயது, முழுநேரக் கல்லூரி மாணவி, வருமானம் இல்லை. டிசம்பரில் கல்யாணம். அதுவரை பதினோரு மாதமும் அப்பா வீட்டுச் சாப்பாடு, அப்பா கட்டிய ஃபீஸ். பிப்ரவரியில் அப்பா வழக்கம் போல மகளை டிபெண்டென்ட் என்று காட்டி ரிட்டர்ன் அனுப்பி விடுகிறார். மார்ச்சில் மகளும் மருமகனும் கூட்டாக ஆன்லைனில் அனுப்பினால் அது திரும்பி வருகிறது. மகளின் நம்பர்தான் ஏற்கனவே அப்பாவின் ரிட்டர்னில் இருக்கிறதே! அப்புறம் என்ன, இரண்டு வீட்டிலும் முகம் தூக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது? கல்யாணம் ஆனதாலேயே ஒருவர் டிபெண்டென்ட் இல்லை என்று ஆகிவிடாது. 24 வயதுக்குள் இருக்கும் முழுநேர மாணவர், பாதி வருடத்துக்கு மேல் பெற்றோருடன் வாழ்ந்து, தன் செலவில் பாதிக்கு மேல் தானே சம்பாதித்துப் போடாமல் இருந்தால் பெற்றோர் காட்டலாம். ஆனால் கணவனோடு கூட்டு ரிட்டர்ன் போட்டால் அந்த உரிமை போய்விடும். பிடித்த வரியைத் திரும்ப வாங்குவதற்காக மட்டும் கூட்டு ரிட்டர்ன் போட்டிருந்தால் விதிவிலக்கு உண்டு. டிசம்பர் 31 அன்று கல்யாணமாகியிருந்தால் வருடம் முழுக்கவே கல்யாணமானவர் கணக்குத்தான்.

ஆக, முடிவு தம்பதியின் கையில். "வருஷம் பூரா செலவு செய்தது நான்" என்று அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் புதுக் குடும்பத்தின் முதல் வரிக்கணக்கை அந்தக் குடும்பமே தீர்மானிப்பதுதான் சரி. கேட்காமல் முந்திக்கொண்டு அனுப்புவது உரிமை ஆகாது.

சரி, பணக் கணக்கைப் பார்ப்போம். மருமகனின் 2025 சம்பளம் 60,000 டாலர் என்று வைத்துக் கொள்ளுங்கள். தனியாக ரிட்டர்ன் போட்டால் நிலையான கழிவு 15,750. வரி சுமார் 5,070. கூட்டாகப் போட்டால் கழிவு 31,500. வரி சுமார் 2,940. மிச்சம் 2,130. அதோடு கல்லூரிப் படிப்புக்கான 2,500 டாலர் வரிச் சலுகையையும் தம்பதியே எடுக்கலாம். ஃபீஸ் கட்டியது அப்பாவாக இருந்தாலும் பரவாயில்லை. ஆக மொத்தம் 4,630 லாபம்.

அப்பாவுக்கு நஷ்டம் என்ன? அந்தப் படிப்புச் சலுகை 2,500, டிபெண்டென்டுக்கான சலுகை 500, மொத்தம் 3,000. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து 1,80,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் என்றால் படிப்புச் சலுகை அவர்களுக்கு எப்படியும் கிடைக்காது. நஷ்டம் வெறும் 500தான். முன்பு டிபெண்டென்டுக்கு இருந்த தனி வரிவிலக்கும் 2018 முதல் இல்லை. இந்த உதாரணத்தில் தம்பதி அப்பாவுக்கு 3,000 டாலரை அப்படியே கொடுத்தாலும் அவர்கள் கையில் 1,630 மிஞ்சும். எதற்குச் சண்டை?

எல்லா வீட்டிலும் கணக்கு இப்படியே வராது. மருமகனும் மாணவர், இருவருக்கும் வருமானமே இல்லை என்றால் பெற்றோர் காட்டுவதே லாபமாக இருக்கலாம். அதனால்தான் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் முன்கூட்டியே. ஏனென்றால் கூட்டு ரிட்டர்ன் போட்டபின் கெடு தேதி, அதாவது வழக்கமாக ஏப்ரல் 15, தாண்டிவிட்டால் அதைத் தனித்தனியாக மாற்ற முடியாது. தனியாகப் போட்டதைக் கூட்டாக மாற்றவோ மூன்று வருடம் அவகாசம் உண்டு. தவறாகக் காட்டிய அப்பாவுக்கு வரித்துறைக் கடிதம் வரும். வாங்கிய சலுகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

கல்யாணச் செலவுக்கு இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பைசா விடாமல் கணக்குப் பார்க்கிறார்கள் அல்லவா? ஜனவரியில் இன்னும் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். "மாமா, இந்த வருஷம் நாங்களே சேர்ந்து போட்டுக்கறோம்" என்று மருமகன் ஒரு வார்த்தை முன்னாலேயே சொன்னால், பாதிச் சண்டை தொடங்கவே தொடங்காது.