கார் ஏசியில் கேஸ் ‘தீர்ந்துபோகுமா’? பழைய கார் வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான்!

பத்து வருஷப் பழைய காரை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கு, அதன் ஏசியின் உண்மை நிலை மார்கழியில் தெரியாது. சித்திரை வெயிலில், சென்னை டிராஃபிக்கில் மாட்டும்போதுதான் தெரியும். காற்று வரும், ஆனால் ஜில்லென்று இருக்காது. ஷெட்டுக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘கேஸ் தீர்ந்துடுச்சு சார், போட்டுடலாம்.’ போட்டதும் சில வாரம் ஜில்லென்று இருக்கும். அப்புறம் பழைய கதைதான். மறுபடியும் கேஸ், மறுபடியும் பில்.

இந்தச் சுழற்சி நிற்க வேண்டுமென்றால், ‘கேஸ் தீர்ந்துடுச்சு’ என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்வதை முதலில் நிறுத்த வேண்டும்.

கேஸ், பெட்ரோல் இல்லை

பெட்ரோல் எரிந்து தீரும். ஏசி கேஸ் தீராது. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் அதன் சூட்டை வெளியே தள்ளுகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில், கேபினின் சூட்டை உறிஞ்சுகிறது. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் போடுகிறோமா?

காரில் ரப்பர் ஹோஸ், சீல், ஓ-ரிங், ஓயாத அதிர்வு எல்லாம் உண்டு. அதனால் பல வருஷங்களில் கொஞ்சம் கேஸ் கசிவது இயல்பு. ஆனால் சில வாரத்திலோ மாதத்திலோ காலியானால் அது இயல்பு அல்ல, லீக். லீக்கை அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

ஷெட்டுக்குப் போகும் முன் என்ன பார்க்கலாம்?

கூலிங் குறைந்தாலே கேஸ்தான் காரணம் என்று இல்லை. வண்டி காட்டும் அறிகுறிகள் நிறைய சொல்லும்.

* காற்றே குறைவாக வருகிறதா? கேபின் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கலாம். பல கார்களில் இது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். சில நூறு ரூபாய் வேலை.
* ஃபேன் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறதா? பிளோயர் ரெசிஸ்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். கேஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.
* ஓடும்போது ஜில், சிக்னலில் நின்றால் சூடா? கண்டென்சர் ஃபேன் ஓடாமல் இருக்கலாம், அல்லது கண்டென்சரில் மண் அடைத்திருக்கலாம்.
* ஏசி போட்டதும் பானெட்டுக்குள் ‘டக்’ என்ற சத்தம் வரவில்லையா? கிளட்ச் உள்ள பழைய கம்ப்ரஸர்களில் ஃப்யூஸ், ரிலே, கிளட்ச், குறைந்த கேஸ் என எதுவும் காரணமாகலாம்.
* குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா? அங்கே லீக் இருக்கலாம். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் கசிவதால் வரும் பிசுக்கு அது.

பானெட்டுக்குள் பார்க்கும்போது ஓடும் பெல்ட், ஃபேன் பக்கம் கை வைக்க வேண்டாம். கேஸ் குழாயை நீங்களே கழற்றவும் வேண்டாம். சீறி வெளிவரும் கேஸ் தோலை உறையவைத்துக் காயப்படுத்தும்.

மறந்துபோன ஹீட்டர்

நம்மூரில் ஹீட்டரை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் பல பழைய கார்களில் ஏசியைக் கெடுப்பதே அதுதான். என்ஜினின் சூடான கூலன்ட், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலுக்கும் போகிறது. சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் பிரிக்கும் சின்னக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டால், கேஸ் முழுதாக இருந்தாலும் கூலிங் வராது.

ஏசியைக் கொஞ்ச நேரம் ஓட்டி, என்ஜினை நிறுத்தியதும் பானெட்டுக்குள் தடிமனான ஏசி குழாயைப் பாருங்கள். அது ஜில்லென்று வியர்த்திருந்தால் கேஸ் தன் வேலையைச் செய்கிறது. கோளாறு பெரும்பாலும் உள்ளே. காருக்குள் இனிப்பான வாடை, கால் மிதியில் பிசுபிசுப்பான ஈரம், கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இருந்தால் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது. கூலன்ட் குறைந்து என்ஜினே சூடேறும் ஆபத்து இது, தள்ளிப்போடக் கூடாது.

என்ன கேட்க வேண்டும்?

‘கேஸ் போட எவ்வளவு?’ என்பதை விட ‘லீக் எங்கே?’ என்பதுதான் சரியான கேள்வி. வேக்யூம் பிடித்துக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார்களா? நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்தோ, டை போட்டோ தேடினார்களா? எத்தனை கிராம் என்று எடை பார்த்துப் போட்டார்களா? எந்த கேஸ், எவ்வளவு என்ற விவரம் பொதுவாக பானெட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். கை வைத்துப் பார்த்து ‘ஜில்லுனு இருக்கு, போதும்’ என்பது அளவு அல்ல. கூடுதலாகப் போட்டாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு.

மெக்கானிக்குகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கூலிங் காயிலில் லீக் என்றால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். அந்தக் கூலியைச் சொன்னதும், ‘இப்போதைக்கு கேஸ் மட்டும் போடுங்க’ என்று கேட்பது வாடிக்கையாளர்தான்.

ஆனால் அந்த ‘இப்போதைக்கு’தான் செலவைக் கூட்டுகிறது. கேஸ் குறைந்தால் ஆயில் சரியாகச் சுற்றாது. கம்ப்ரஸர் தேய்ந்து இறுகிப்போனால் செலவு பல மடங்காகும். ஊருக்கும் நஷ்டம் உண்டு. பல பழைய கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1,400 மடங்கு வீரியமானது. 500 கிராம் கசிந்தால், கிட்டத்தட்ட 300 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம்.

ஆகவே அடுத்த பில்லில் கேஸின் விலைக்கு முன்னால், லீக் இருந்த இடமும் அதை எப்படி அடைத்தார்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கட்டும். அது இல்லாத பில், அடுத்த பில்லுக்கான அட்வான்ஸ்தான்.