பாதை வந்தால் போதுமா?

நம் செடெனாக் பிள்ளைகள் பலர் வேலை தேடிக் கோலாலம்பூர் செல்கிறார்கள். அங்கே அவர்களைச் சுமக்கும் எல்.ஆர்.டி. ரயிலின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

முதல் தடம் 1996 டிசம்பரில் அம்பாங்கிலிருந்து ஓடத் தொடங்கியது. பழைய ரயில் பாதையின் நிலமே அதற்குப் பயன்பட்டது. ஓட்டுநர் இல்லாமலே ஓடும் கெலானா ஜெயா தடம் 1998-இல் வந்தது. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. 1999-இல் மஸ்ஜிட் ஜாமெக்கில் அவை சந்தித்தன. ஆனால் ரயில் மாறுகிறவர் வெளியே வந்து வேறு டிக்கெட் வாங்க வேண்டும். கடன் முற்றியதால் 2002-இல் அரசாங்கமே இரண்டையும் ஏற்றது. அப்படியும் ஒரே டிக்கெட்டில் மாறிச் செல்லும் வசதி 2011 நவம்பரில்தான் கிடைத்தது. 12 ஆண்டுகள் அந்தச் சிரமத்தைச் சுமந்தவர்கள் யார்? கார் வைத்திருந்தவர்களா? இல்லை, அன்றாடம் வேலைக்கு ஓடியவர்கள்தாம்!

ஜொகூர் பாரு புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூர் உட்லண்ட்ஸுக்கு 4 கிலோமீட்டர் இலகு ரயில் பாதைக்கு 2020-இல் அடிக்கல் நாட்டினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வாய்க்கால் வெட்டினால் மட்டும் வயல் நனையாது. மடையும் திறக்க வேண்டும். செடெனாக்கிலிருந்து அந்த நிலையத்துக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு, என்ன கட்டணம்? நம் சட்டமன்ற உறுப்பினரைக் காணும்போது இந்த மூன்றையும் தவறாமல் கேளுங்கள்.