நாரி நோவுக்கான வைத்தியம் ஊருக்குள் வரட்டும்

பெரியகல்லாற்றில் நாரி நோ என்று முனகாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் உடம்பை நம்பிப் பிழைக்கும் ஊர். கரைவலை இழுப்பவர் பின்னால் சாய்ந்து கயிற்றின் பாரம் முழுவதையும் இடுப்பில் வாங்குகிறார். படுவான்கரை வயலுக்குப் போகிறவர் 16 லீற்றர் கிருமிநாசினித் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு சேற்றுக்குள் நடக்கிறார். மத்திய கிழக்கில் வருடக்கணக்காக வீட்டு வேலை செய்துவிட்டு வந்த பெண்களுக்கும் இதே முறைப்பாடுதான். நோ கூடினால் பார்மசியில் டைக்குளோபெனாக் ஒரு காட், அதோடு ஒரு பெல்ட். காட் முடிந்ததும் இன்னொரு காட்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நாரி நோவை இப்படிக் கையாளக் கூடாது என்பதில் வைத்திய உலகம் பெரும்பாலும் ஒத்த கருத்துக்கு வந்துவிட்டது. மருந்தில்லாச் சிகிச்சையிலிருந்தே தொடங்குங்கள் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே தனி வழிகாட்டியை 2023 டிசம்பரில் வெளியிட்டது. நோவைப் பற்றி நோயாளிக்கு விளங்கப்படுத்தல், உடற்பயிற்சி, கையால் செய்யும் சிகிச்சை, மசாஜ், மனப்பயத்தைக் குறைக்கும் உளவியல் சிகிச்சை ஆகியவை அதில் பரிந்துரைக்கப்படுகின்றன. இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை ஆகியவை வேண்டாம் என்கிறது. நம்மவர் கைக்காசைக் கொட்டி வாங்கும் பெல்ட் அந்த 'வேண்டாம்' பட்டியலில்தான் இருக்கிறது.

பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகளுக்கான சான்றுகள் மிக வலுவானவை என்று சொல்லிவிட முடியாது. கிடைக்கும் நிவாரணமும் பெரும்பாலும் நடுத்தரமானதுதான். ஆனால் வருடக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். வெயிலில் வியர்வை ஓட நின்று, போதிய தண்ணீர் குடிக்காத விவசாயிக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. நன்மை ஏறக்குறைய ஒன்றென்றால் தீங்கு குறைந்ததைத் தெரிவதுதானே புத்தி?

அப்படியிருந்தும் மாத்திரை ஏன் வெல்கிறது? அது வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கிறது, ஒரு நிமிடத்தில் வேலை முடிகிறது. பயிற்சிக்கு ஓர் ஆள் வேண்டும், திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் நாரி நோவிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2024இல் லான்செட் இதழில் வந்தது. நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு நோ மீண்டும் வர நடுவளவாக 208 நாள் எடுத்தது, செய்யாதவர்களுக்கு 112 நாள். காசில்லாத வெறும் நடைதான். ஆனால் அந்த நடைக்கும் ஆறு மாதத்துக்குள் ஆறு தடவை பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வழிகாட்டியிருக்கிறார்.

நம் நாட்டில் பிசியோதெரபிப் பிரிவு பொதுவாக ஆதார வைத்தியசாலையிலும் அதற்கு மேற்பட்டவற்றிலும்தான் இருக்கும். பெரியகல்லாற்றுக் கூலித் தொழிலாளி ஒருவர் அதற்காக ஆறு தடவை வெளியூர் போனால் ஆறு நாள் கூலி போகும். இரண்டாம் தடவையே அவர் வராமல் விடுவார். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று கொப்பியில் எழுதிவிடுவோம். கூலியை இழந்தால்தான் கிடைக்கும் சிகிச்சை கூலிக்காரனுக்குச் சிகிச்சையே ஆகாது.

'நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்கிறவனுக்கு இன்னும் என்ன பயிற்சி?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேலையில் பாரத்தைத் தீர்மானிப்பது வலையும் மூட்டையும். நோகிறதே என்று நடுவில் நிறுத்த முடியாது. பயிற்சியில் அளவு நம் கையில். பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால் இரண்டையும் மடக்கி, பாதத்தை ஊன்றி இடுப்பை மெல்ல உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும். முதல் கிழமை ஐந்து தரம், பிறகு பத்து. இந்தச் சிறு ஏற்றம்தான் தசைக்கு வலுவையும் ஆளுக்குத் துணிவையும் தருகிறது.

துணிவு இங்கே சின்ன விஷயமில்லை. ஸ்கான் எடுத்துப் பார்த்து 'டிஸ்க் தேய்ந்துவிட்டது' என்று சொன்னதும் குனியவே பயந்து முடங்கிப்போகிறவர்கள் எத்தனை பேர்! முதுகில் எந்த நோவுமே இல்லாதவர்களின் ஸ்கான்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வொன்றின்படி, 50 வயதினரில் சுமார் 80 வீதமானோருக்கு அந்தத் தேய்வு இருந்தது. இதை விளங்கப்படுத்த வைத்தியருக்குப் பத்து நிமிடம் வேண்டும். வெளிநோயாளர் பிரிவின் நீண்ட வரிசை அதைக் கொடுப்பதில்லை.

அந்தப் பத்து நிமிடத்தைப் பரிசாரியார் கொடுக்கிறார். எண்ணெய் பூசுகிறார், நொச்சி ஒத்தடம் போடுகிறார், குடும்பக் கதையும் கேட்கிறார். சனம் அங்கே போவதை அறியாமை என்று ஒதுக்குவது அவசரம். ஒத்தடத்தோடு நின்றுவிடாமல், நோ சற்றுத் தணிந்த அந்த நேரத்தில் உடம்பை அசைக்கப் பழக்கினால் இரண்டும் சேர்ந்து பலன் தரலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படித்து வெளிவரும் சித்த வைத்தியர்களை இதற்குப் பயன்படுத்தலாமே.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. கிழமையில் ஒருநாள், வேலை முடிந்த பின்னேரத்தில், பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பெரியகல்லாறு வைத்தியசாலைக்கு வரட்டும். பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டமாக வைத்துப் பழக்கட்டும். நீரிழிவும் பிரஷரும் பார்ப்பதற்காக அரசு 2011இலிருந்து உருவாக்கிவந்த ஆரோக்கிய வாழ்வு நிலையங்களின் வேலையில் நாரி நோவையும் சேர்க்கலாம். காலில் பலம் குறைதல், மலசலம் கட்டுப்படாமை, இருக்கும் இடம் மரத்துப்போதல், காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, விழுந்தபின் வந்த நோ ஆகியவை இருந்தால் பயிற்சியில் நேரத்தைக் கடத்தாமல் உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு மண்டபம், சில பாய்கள், பயிற்றப்பட்ட ஓர் ஆளின் இரண்டு மணி நேரம். செலவு இவ்வளவுதான். மாதம் எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்ற கணக்கு வைத்தியசாலையில் இருக்கிறது. மூன்று மாதத்தின் பின் எத்தனை பேர் வலைக்கும் வயலுக்கும் திரும்பினார்கள் என்ற கணக்கையும் சுகாதாரத் திணைக்களம் கேட்கத் தொடங்கட்டும். கேட்கத் தொடங்கினால், இந்த இரண்டு மணி நேரத்துக்கு ஆள் ஒதுக்காமல் இருக்க அதற்கு நியாயம் கிடைக்காது.