பட்டம் சமம், கற்பித்தலும் சமமா?

தொலைநிலைக் கல்வியில் பெறும் இளநிலைப் பட்டமும், கல்லூரிக்கு நேரில் சென்று பெறும் பட்டமும் சமமானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டங்களுக்கு இது பொருந்தும். பட்டச் சான்றிதழ் சமமாகிவிட்டது. ஆனால், அதன் பின்னே இருக்க வேண்டிய கற்பித்தல் சமமாக இருக்கிறதா?

2020-21-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் உயர்கல்வி பயில்வோர் 4.14 கோடி பேர். அவர்களில் 45.71 லட்சம் பேர் தொலைநிலையில் பயில்பவர்கள். அதாவது, ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர். உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தை 2035-க்குள் 50 சதவீதமாக உயர்த்துவது தேசிய கல்விக் கொள்கையின் இலக்கு. புதிய கல்லூரிகளைத் திறப்பதால் மட்டும் அந்த இலக்கை எட்டிவிட முடியாது.

ஏழைக் குடும்பத்து இளைஞருக்குக் கல்லூரிக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகள் வேலைக்குப் போகாமல் இழக்கும் கூலிதான் அது. ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நிற்பவருக்கும், பின்னலாடை ஆலையில் பணிபுரிபவருக்கும், பிளஸ் 2 முடித்ததும் மணம் முடிக்கப்பட்ட பெண்ணுக்கும் தொலைநிலைக் கல்வி அந்த இழப்பின்றிக் கல்லூரிப் படிப்பைத் தருகிறது. அதன் சமூகப் பயன் மறுக்க முடியாதது.

தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. பாட நூலை ஒருமுறை எழுதி அச்சிட்டுவிட்டால், கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் ஆகும் செலவு சொற்பம். கட்டணமோ முழுமையாக வந்து சேரும். இந்த உபரி, பல்கலைக்கழகங்களின் பொதுச் செலவுகளைத் தாங்கும் தூணாயிற்று. உழைத்துக்கொண்டே படிப்பவர் செலுத்திய பணம், வளாகத்தில் பயில்பவருக்கான செலவை ஈடுகட்டியது. மானியம் வசதியுள்ளோரிடமிருந்து வறியவர்க்குச் செல்ல வேண்டும். இங்கே அது திசை மாறிப் பாய்ந்தது.

வெளிமாநிலங்களில் படிப்பு மையங்கள் நடத்தத் தடை வந்ததும் வருவாய் சரிந்தது. பின்னாளில் மதுரை காமராஜர் பல்கலைக்கழகம் ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் திண்டாடியதற்கு இந்தச் சரிவும் ஒரு காரணம்.

கற்பித்தலில்தான் குறை பெரிது. முதுநிலை மாணவர் நூலைத் தாமே படித்துப் புரிந்துகொள்ளக்கூடும். பள்ளியிலிருந்து நேராக வருபவருக்கு அது எளிதன்று. இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர், மாணவரின் முகத்தைப் பார்த்தே புரியவில்லை என்பதை அறிந்து வேறோர் உதாரணம் சொல்வார். அச்சிட்ட பாடத்துக்கு அந்தக் கண் கிடையாது. சில நாள் வகுப்புகளும், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வாங்கும் வினா-விடைக் கையேடும் அந்த ஆசிரியருக்கு ஈடாகா.

அரசின் உதவியிலும் இந்தப் பாகுபாடு தொடர்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் போற்றத்தக்கது. ஆனால், தொலைநிலையில் பயில்பவர்கள் அதற்குத் தகுதியற்றவர்கள். பெண்கள் கல்லூரிக்கே வர வேண்டும் என்பது அரசின் நோக்கமாக இருக்கலாம். வர இயலாதவருக்கு உதவியை மறுப்பதால் அந்த நோக்கம் நிறைவேறாது.

செய்ய வேண்டியவை சிலவே. தொலைநிலை மாணவர்களின் கட்டணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, அவர்களின் கல்விக்கே செலவிட வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் பட்டம் முடித்தனர் என்பதைப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வார விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் அரசுக் கலைக் கல்லூரி வகுப்பறைகளை முதலாம் ஆண்டு மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அங்கு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு உரிய மதிப்பூதியம் தர வேண்டும்.

பட்டத்தின் மதிப்பை அரசாணையால் அறிவிக்கலாம். வேலைக்கு எடுப்பவரின் மனத்தில் அதைக் கற்பித்தலால் மட்டுமே நிலைநாட்ட முடியும்.