விஷ்ணு பாறை அடியில்

2018 அக்டோபரில் பையன் என்னை கிராண்ட் கேன்யனுக்குள் இறக்கிவிட்டான். விளிம்பிலேயே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் புத்திசாலிகள். நாங்கள் முதுகில் மூட்டையோடு சுமார் 15 கிலோமீட்டர் நடந்து, 4,400 அடி இறங்கி, கொலராடோ ஆற்றுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்தோம்.

பிரைட் ஏஞ்சல் ஓடையில் காலை விட்டதும்... அப்பாடா! சாப்பாட்டை இரும்புப் பெட்டியில் வைத்து மூடணும். இல்லாவிட்டால் அணில் பையையே கடித்துவிடும். முதுகில் மூன்று கோடு இல்லை. ராமருக்கு உதவாத வம்சம் போல.

எதிரே கறுத்த பாறை. ‘‘அப்பா, இதுக்குப் பேரு விஷ்ணு ஷிஸ்ட். வயசு சுமார் 170 கோடி வருஷம்’’ என்றான். கிளாரன்ஸ் டட்டன் என்ற அமெரிக்க நிலவியல்காரர் 19-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள சிகரம் ஒன்றுக்கு ‘விஷ்ணு கோயில்’ என்று பெயர் வைத்தார். அதே பெயர் பாறைக்கும் ஒட்டிக்கொண்டது.

செல்போன் சிக்னல் கிடையாது. வேறு வழியில்லாமல் பேசினோம். அம்மாவைக் கடைசியாகப் பார்க்க வர முடியாமல் போனதை முதன்முறையாகச் சொல்லி அழுதான். 170 கோடி வருஷத்துக்கு முன்னால் என் ஐந்து வருஷக் கோபம் எம்மாத்திரம்?

மறுநாள் ஏறும்போது என் மூட்டையையும் அவனே சுமந்தான். முழங்கால் வலியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.