போகவும் வழியில்ல, குடியுரிமையும் இல்ல: விருதுநகர் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களின் சிக்கல் என்ன?

சிவகாசி என்றதும் பட்டாசு ஞாபகம் வரும். அதே சிவகாசி பக்கம் அனுப்பன்குளத்திலும், விருதுநகர் அருகே குல்லூர்சந்தையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் அதிகம். 2021 கணக்குப்படி முகாம்களில் மட்டும் 58,822 பேர். இவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள்.

குடியுரிமை ஏன் கிடைக்கல?

உரிய ஆவணம் இல்லாமல் வந்ததால், சட்டத்தின் பார்வையில் இவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. அதனால் எத்தனை வருஷம் இருந்தாலும் விண்ணப்பிக்க முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

இங்கே பிறந்த பிள்ளைகள்?

- 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்திருந்தால் பிறப்பால் இந்தியர்.
- அதற்குப் பின் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்.
- 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் கடுமை. பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றாலே கிடையாது.

சரி, வெளிநாடு போகலாமே?

இந்திய பாஸ்போர்ட் கிடையாது. அக்கம்பக்கத்து இளைஞர்கள் வளைகுடா வேலைக்குக் கிளம்பும்போது, முகாம் இளைஞரால் விண்ணப்பம்கூடப் போட முடியாது. இலங்கைக்கே திரும்புவதானாலும் அந்த நாட்டின் பயண ஆவணம், இங்கிருந்து வெளியேறும் அனுமதி இரண்டும் வேணும்.

அப்படிப் போனாலும் சிக்கல் தீரல. 2025 மே மாதம் தமிழ்நாட்டு முகாமில் இருந்து திரும்பிய முதியவர் ஒருவர் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். உயிர் பிழைக்க நாட்டைவிட்டு வந்த பயணமே குற்றமாகிவிட்டது.

உலகம் இதை முன்பு எப்படிக் கையாண்டது?

எந்த நாட்டைவிட்டும் வெளியேறலாம், சொந்த நாட்டுக்குத் திரும்பலாம் என்கிறது 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 13-வது பிரிவு. அந்த உரிமையைக் கேட்டுப் போராடியவர்கள் சோவியத் யூதர்கள். வெளியேற மனு போட்டாலே வேலை போகும், சிலருக்குச் சிறையும் கிடைத்தது.

வெளியே இருந்தவர்கள் சும்மா இருக்கல. குடிமக்களை வெளியேற விடாத நாடுகளுக்கு வர்த்தகச் சலுகை கிடையாது என்ற அமெரிக்கச் சட்டம் 1975 ஜனவரியில் அமலானது. 1987 டிசம்பர் 6-ல் வாஷிங்டனில் சுமார் 2 லட்சம் பேர் திரண்டனர். 1980-களின் இறுதியில் கதவு திறந்தது. போனவர்களுக்கு உடனே குடியுரிமை தர இஸ்ரேலும் தயாராக இருந்தது.

முகாம் தமிழர்களுக்கு இந்த இரண்டுமே இல்லை. அழுத்தம் கொடுக்கும் பெரிய நாடும் இல்லை. 'வா' என்று சொல்லும் நாடும் இல்லை.

இப்போ நிலைமை என்ன?

2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையில் இருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. இது நல்ல நிம்மதிதான். ஆனா தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, குடியுரிமை தருகிறோம் என்பது வேறு.

தேவை இரண்டு. இருக்க விரும்புபவருக்குக் குடியுரிமைக்கான வழி. போக விரும்புபவருக்குக் கைது பயமில்லாத பயணம். முதலாவது டெல்லியின் கையில். இரண்டாவதுக்கு டெல்லியும் கொழும்பும் சேர்ந்து உட்கார வேண்டும்.